தூரமா என்று மட்டும் கேட்டேன்

எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டை விட்டுக் கிளம்புகிறவரைப் பார்த்து "எங்க போற?" என்று கேட்கமாட்டோம். அப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள். தெரிந்தே ஆகவேண்டுமென்றால் "தூரமா?" என்று கேட்போம். "ஆமா, ராஜபாளையம் வரைக்கும்" என்று கிளம்புகிறவர் தானாகச் சொல்லிவிடுவார். சொல்லவில்லையென்றால் அத்தோடு விட்டுவிட வேண்டியதுதான். செட்டியார்பட்டியில் நான் பிறந்த வீட்டிலும் இதே வழக்கம், ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்ட வீட்டிலும் இதே வழக்கம். மற்றவர்களாவது எப்போதாவது வாய் தவறிக் கேட்பார்கள். என் வாயில் அந்தச் சொல் வராது. பயம் எனக்குக் கூடப்பிறந்தது.

என் தம்பி இப்போது ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, எங்களுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறான். சாயங்காலமானால் காபிக்கு வந்துவிடுவான். வரத் தாமதமானால் மாடியில் நின்று எட்டிப் பார்த்தால் போதும், அவன் வீட்டு வாசல் தெரியும். இதற்குத்தானே அத்தனை வருஷம் வேண்டிக்கொண்டேன். ஆனாலும் அவன் வடக்கே பனிமலையில் இருந்த காலமும், லீவு கிடைத்துவிட்டது என்று அவன் போன் வந்ததும் வீடே ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது போல இருக்குமே, அந்த நாட்களும்தான் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. அதிலும் என் மகனுக்குக் காது குத்திய அன்று நடந்ததைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை.

அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். என் கல்யாணத்துக்குத் தம்பியால் வர முடியவில்லை. அப்போது அவன் ராணுவத்தில் சேர்ந்த புதிது, பயிற்சியில் இருந்தான், லீவு கொடுக்கவில்லை. உடன்பிறந்தவன் செய்ய வேண்டியதையெல்லாம் எங்கள் சித்தப்பா மகன் செய்தான். மறுநாள் தம்பி போன் பண்ணினான். சாப்பாடு எப்படி, கூட்டம் எப்படி என்று என்னென்னவோ கேட்டுவிட்டு, கடைசியில், "எனக்குப் பதிலா யாருக்கா நின்னா?" என்றான். சொன்னேன். "சரிக்கா. அடுத்த விசேஷத்துக்கு நான்தான் நிப்பேன். வேற யாரையும் நிப்பாட்டிராத" என்றான். எங்களுக்கு அப்பாவும் அம்மாவும் இல்லை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பஞ்சு மில்லுக்குப் போனதும், அவன் பன்னிரண்டாவது முடித்ததும் பட்டாளத்துக்குப் போனதும் அதனால்தான். எனக்கு அவன், அவனுக்கு நான். அதனால் அவன் கேட்டதற்குச் சரி என்றேன்.

அடுத்த விசேஷம் என் மகனின் காதுகுத்து. பிள்ளை பிறக்கும்போது எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. மடவார் வளாகத்துச் சாமி, தாயாக வந்து பிரசவம் பார்த்த சாமி என்பார்கள். என் மாமியார் அங்கே மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டார்கள். பிள்ளைக்கு மூன்று வயது ஓடும்போது, மொட்டையும் காதுகுத்தும் ஒரே நாளில் என்று முடிவானது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். காதில் போடுகிற கடுக்கனும் மாமன்தான் வாங்கி வரவேண்டும்.

லீவு கிடைக்குமா கிடைக்காதா என்று இழுத்துக்கொண்டே போனது. கிடைத்த பிறகு, மலையில் மேகம் இறங்கிவிட்டது, ப்ளேன் பறக்கவில்லை என்றான். விசேஷத்துக்கு முந்தின நாள் மத்தியானம்தான் டெல்லி வந்து சேர்ந்தான்.

"அக்கா, டிக்கெட் கெடைச்சிருச்சு. விடியக்காலம் ப்ளேன். கடுக்கன் சட்டைப்பையில இருக்கு. கெளம்பிட்டேன்னு வச்சுக்கோ" என்றான்.

கிளம்பிட்டேன் என்று அவன் சொன்ன பிறகு நான் எங்கே என்று கேட்பேனா? "தூரமா இருக்கியேலே, பத்திரமா வா" என்றேன். போன் கட்டாகிவிட்டது. எங்கே வந்து இறங்குவான் என்பது ஒரு கேள்வியாகவே எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு ஏர்போர்ட் என்றால் மதுரை.

அன்று சாயங்காலம், மில்லில் என்னோடு ஒரே ஷிப்ட்டில் வேலை பார்த்தவள் ஒருத்தி பூக்கட்ட உதவிக்கு வந்திருந்தாள். அவள்தான் என் போனில் டெல்லி, மதுரை என்று அடித்துப் பார்த்தாள். ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவே ஆகாய வழியில் ரெண்டாயிரம் கிலோமீட்டர் சொச்சம், நேரம் மூணு மணி சொச்சம் என்று வந்தது. இங்கேயிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போக ராத்திரி முழுக்க ஆகிறது. அதைப்போல நாலு மடங்கு தூரத்தை மூணு மணி நேரத்தில் கடப்பதென்றால் அது என்ன வேகம்?

"இம்புட்டு வேகமாப் போனா உள்ள இருக்கவனுக்கு மூச்சு முட்டாதா?" என்றேன்.

என் வீட்டுக்காரர் பந்தலுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். "ஏட்டி, ஒன் தம்பி துப்பாக்கிய வச்சுக்கிட்டு பார்டர்ல நிக்கான். அதுக்குப் பயப்படல. சீட்டுல சாஞ்சு தூங்கிக்கிட்டே வாரதுக்குப் பயப்படுற."

"அதுக்கும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப சரி. ரெண்டையும் சேத்தே பயப்படு."

சிநேகிதி இன்னொன்றும் செய்து கொடுத்தாள். விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டுகிற ஆப் ஒன்றை என் போனில் ஏற்றி, காலையில் மதுரைக்கு வருகிற ப்ளேனுக்கு எந்த எண்ணைத் தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

விடிந்ததும் வீட்டுக்காரர் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனார். மற்ற எல்லோரும் கோயிலுக்குப் போனோம். மொட்டை போடும்போது பிள்ளை கத்தின கத்து செண்பகத்தோப்பு வரைக்கும் கேட்டிருக்கும். நான் ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரைபடத்தில் ஒரு மஞ்சள் ப்ளேன், வண்டு அளவுக்கு. ஊர்ந்துகொண்டே வந்தது. போபாலைத் தாண்டியது, நாக்பூரைத் தாண்டியது. ஹைதராபாத் பக்கம் வரும்போது கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. சாமி சன்னதியைப் பார்த்து, "தகப்பனே, பத்திரமா எறக்கி விட்டுரு, அடுத்த வாரம் வந்து விளக்குப் போடுதேன்" என்று வேண்டிக்கொண்டேன். மறுபடி நகர்ந்தது. நெட்தான் நின்றிருக்கிறது.

"எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று மாமியார் கேட்டார்கள். அவர்களுக்கு எழுபது வயதை ஒட்டி இருக்கும். மஞ்சள் வண்டைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயா அவன் இருக்கான்?" என்றார்கள்.

மதுரைக்கு மேலே வந்து ப்ளேன் நின்றது. இறங்கிவிட்டது என்று எழுத்து வந்தது. "எறங்கிட்டான்!" என்று சத்தம் போட்டேன். மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நிமிஷமே தம்பி போன்.

"அக்கா, எறங்கிட்டேன்."

"தெரியும்லே, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவிய காரோட வெளிய நிக்காக. வெள்ளைக் கார்."

"மச்சானா? மச்சான் எதுக்குக்கா இம்புட்டுத் தூரம் வந்தாக? நானே வந்திருப்பேன்ல."

"என்னலே தூரம், இந்தா இருக்கு. வெளிய வந்து பாரு."

"வெளியதான் நிக்கேன். வெள்ளைக் காரு நாப்பது நிக்கு. மச்சான் எந்த வாசல்ல நிக்காக? இங்க போர்டு பூராம் மலையாளமா இருக்கு."

"மதுரையில ஏதுலே மலையாளம்?"

"மதுரையா?" என்றான்.

அவன் நின்றுகொண்டிருந்தது திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில். அவனோடு வேலை பார்த்த கேரளாக்காரர் ஒருவர், மதுரைக்கு டிக்கெட் இல்லை, திருவனந்தபுரத்துக்கு இருக்கிறது, மலைக்கு இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் போனால் உன் ஊர்தானே என்று இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார். தம்பியும் போனில் வரைபடத்தைப் பார்த்திருக்கிறான். ஆகாயத்திலிருந்து பார்த்தால் பக்கம்தான். எங்கள் ஊரில் தினமும் கண்விழிப்பதே அந்த மலையின் முகத்தில்தானே. ஆனால் ப்ளேனுக்கு இல்லாத மலை காருக்கு உண்டு. ரோடு கொல்லம் பக்கத்து மலைகளையெல்லாம் வளைந்து வளைந்து ஏறி, ஆரியங்காவில் இறங்கி, செங்கோட்டை, தென்காசி வழியாகத்தான் வரவேண்டும். எத்தனை விரட்டினாலும் நாலு மணி நேரம் பிடிக்கும். காதுகுத்துக்குக் குறித்த நல்ல நேரம் அதற்குக் கொஞ்சம் முன்னே பின்னே முடிகிறது.

"ஏன்லே எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையேக்கா!"

"டாக்சி புடிச்சு வா. மெதுவா வா. ஆனா சீக்கிரம் வா" என்றேன். வைத்ததும் வீட்டுக்காரர் போன்.

"ஏட்டி, எல்லாரும் வெளிய வந்தாச்சு. ப்ளேன் ஓட்டுனவரே பெட்டிய இழுத்துக்கிட்டு வந்துட்டாரு. ஒன் தம்பியக் காணோம்."

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அப்ப காலையில இருந்து நீ பாத்துக்கிட்டு இருந்த ப்ளேன்ல யாரு வந்தா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யார் யாரோ இருந்த ப்ளேனுக்கு விளக்குப் போடுவதாக வேண்டியிருக்கிறேன். என் தம்பி வந்த ப்ளேனை ஒருவரும் பார்க்கவே இல்லை. அது பாட்டுக்கு வந்து இறங்கியிருக்கிறது. வேண்டுதலைச் செலுத்தாமல் விடவில்லை, அடுத்த வாரமே போய் விளக்குப் போட்டேன். அந்த ப்ளேனிலும் யாருக்காவது ஓர் அக்கா இருந்திருப்பாள்.

வீட்டுக்காரர் மதுரையிலிருந்து வெறும் காரோடு திரும்பி வந்தபோது தம்பி ஆரியங்காவுகூட வரவில்லை. சொந்தக்காரர்கள் மெதுவாக முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். காது குத்த வந்திருந்த நகை ஆசாரி, தன் சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மணியைப் பார்த்தார். ராஜபாளையத்தில் மத்தியானத்துக்குள் இன்னொரு காதுகுத்துக்குப் போகவேண்டும் அவருக்கு. சித்தப்பா மகன் வந்திருந்தான். நல்ல பிள்ளைதான். "வேணும்னா நான் ஒக்காருதேன்க்கா. அண்ணன் வந்தா நான் சொல்லிக்கிடுதேன்" என்றான். ஒரு பெரியவர், "மாமன் முறைதானே, ஒக்காரட்டும். நல்ல நேரத்தத் தவற விட்டுட்டு மாமனுக்காகக் காத்திருக்க முடியுமா?" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள்.

எனக்கு இரண்டு பக்கமும் பயம். நல்ல நேரம் தவறினால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று ஒரு பக்கம். இந்தத் தடவையும் இன்னொருத்தனை உட்கார வைத்தால் தம்பி முகத்தில் எப்படி விழிப்பது என்று இன்னொரு பக்கம். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மாமியார்தான் கையை ஊன்றி எழுந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் அதுவரைக்கும் அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. என் பயமெல்லாம் அவர்களுக்கு எரிச்சல்.

"சாமிக்கு நேர்ந்தது மொட்டை. அது போட்டாச்சு. காது எந்த எடத்துல குத்துனா என்ன?" என்றார்கள். பிறகு மகனைப் பார்த்து, "ஏலே, அவனக் கூப்பிடத்தான இந்தக் காரப் பேசின? அவன்கிட்டயே போவட்டும். ஆசாரியாரே, நீரும் ராஜபாளையம்தான போகணும்? ஏறும்" என்றார்கள்.

காரில் ஏறினோம். முன் சீட்டில் ஆசாரி பெட்டியோடு. பின்னால் நான், வீட்டுக்காரர், மாமியார், மொட்டைத் தலையில் சந்தனம் காயாத பிள்ளை. கோயிலில் இருந்தவர்கள் சாப்பாட்டுக்கு இலை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

தம்பி போன் பண்ணிக்கொண்டே வந்தான். தென்காசி என்றான், கடையநல்லூர் என்றான். அந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. போபாலும் நாக்பூரும் எனக்கு என்ன தெரியும்? புளியங்குடி என்றால் தெரியும், எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருக்கிறேன். வாசுதேவநல்லூர் தெரியும். சிவகிரியில் என் மில் சிநேகிதி இன்னொருத்தி வாக்கப்பட்டிருக்கிறாள். அவன் ஒவ்வோர் ஊராகச் சொல்லச் சொல்ல, யாரோ அவனைக் கையில் வாங்கிக் கைமாற்றி என்னிடம் கொடுப்பதுபோல இருந்தது.

ராஜபாளையத்தைத் தாண்டி, சேத்தூர் போகிற ரோட்டில் ஒரு கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் காரை நிறுத்தச் சொன்னோம். நிறுத்திய கொஞ்ச நேரத்திலேயே எதிரே கேரளா நம்பர் டாக்சி ஒன்று வந்து புழுதி கிளப்பிக்கொண்டு நின்றது. தம்பி இறங்கினான். உதடு பனியில் வெடித்து, கன்னமெல்லாம் கருத்துத் தோல் உரிந்து கிடந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது நான் அவனைப் பார்த்து. "சாப்டியாலே?" என்றேன்.

"நேரம் இருக்கு, நேரம் இருக்கு. சீக்கிரம் ஒக்காருங்க" என்று ஆசாரி அவசரப்படுத்தினார். வீட்டுக்காரர் துண்டை விரித்தார். தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான்.

பிள்ளை வரமாட்டேன் என்றுவிட்டான்.

ஊசியைக்கூட அவன் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்துத்தான் வீறிட்டான். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கவே இல்லை. கடைசியாகத் தம்பி தூக்கியபோது அவன் கைக்குழந்தை. "மாமாடா, ஒன் மாமாடா" என்று நான் சொல்லச் சொல்ல அலறல் கூடியது. "மாமா இல்ல! மாமா போன்ல!" என்று கத்தினான். தம்பி நீட்டின கையை மடக்கவே இல்லை. ரெண்டாயிரம் கிலோமீட்டரும் கடந்து வந்தவனுக்கு, அந்தக் கையளவு தூரம் மிச்சம் நின்றது.

ஆசாரி மறுபடி மணியைப் பார்த்தார். வீட்டுக்காரர்தான் திடீரென்று, "மாப்ள, நீ அந்தக் காருக்குப் பின்னால போயி வீடியோ கால் போடு" என்றார்.

தம்பிக்குப் புரிந்துவிட்டது. டாக்சிக்குப் பின்னால் போய் நின்று என் போனுக்கு அடித்தான். பிள்ளைக்கு நேரே போனைப் பிடித்தேன். அதே முகம்தான், அதே வெடித்த உதடுதான். அதைப் பார்த்ததும் பிள்ளை விசும்பலை நிறுத்தினான். "மாமா!" என்றான்.

"ஏலே மொட்டை!" என்றது போன். "முடியெல்லாம் யாரு எடுத்துக்கிட்டா?"

"சாமி எடுத்துக்கிச்சு."

"எல்லாத்தையுமா? மாமாவுக்கு ஒண்ணுகூட வைக்கலையா?"

பிள்ளை கண்ணீரோடு சிரித்தான். பேசிக்கொண்டே தம்பி மெதுவாக டாக்சியைச் சுற்றி நடந்து வந்தான். போனில் வருகிற சத்தமும் பக்கத்தில் கேட்கிற சத்தமும் ஒன்றாகிவிட்டது. பிள்ளை போனைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். விரலை நீட்டி தம்பியின் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் ஏதோ கணக்குச் சரியாகிவிட்டது மாதிரி, தம்பி பக்கம் சாய்ந்தான்.

மடியில் உட்கார்ந்தான். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பிள்ளை அழுவதற்குள் மறு காதையும் முடித்துவிட்டார். தம்பி பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கடுக்கன் இரண்டும் வெயிலில் மின்னின. பிள்ளை அழுததைவிடத் தம்பிதான் அதிகம் அழுதான். "ஊசி குத்துனது யாருக்கு, பேரனுக்கா மாமனுக்கா?" என்று மாமியார் கேட்டார்கள். சொல்லிவிட்டு அவர்களும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். ரோட்டில் போன டவுன் பஸ் வேகத்தைக் குறைத்தது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

ஆசாரியை ராஜபாளையத்தில் இறக்கிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பி வந்தபோது பந்தி முடிந்திருந்தது. புளியோதரைப் பாத்திரத்தின் அடியில் இருந்ததைச் சுரண்டி நாங்கள் ஐந்து பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். பிள்ளை தம்பியின் மடியை விட்டு இறங்கவில்லை. அந்த ஒரு மத்தியானம் எனக்கு எதற்குமே பயம் வரவில்லை. சாயங்காலம் ஆனதும், காதில் சீழ் வைத்துவிடுமோ என்று பிடித்துக்கொண்டது.

அந்த விசேஷத்து ஆல்பம் பீரோவில் இருக்கிறது. இப்போது எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். மொட்டை போடுகிற படம் இருக்கிறது. மாமியார் மாவிளக்கு வைக்கிற படம் இருக்கிறது, பந்தியில் வரிசையாகச் சாப்பிடுகிற படங்கள் நிறைய இருக்கின்றன. காது குத்துகிற படம் மட்டும் ஒன்றுகூட இல்லை. காரில் இடமில்லாமல் போட்டோக்காரரைக் கோயிலிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தோம். எங்கள் போன்களில் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. போன வாரம் காபிக்கு வந்த தம்பியிடம் ஆல்பத்தைக் காட்டி, "இதுல பாத்தா நீ வந்ததுக்கு அடையாளமே இல்லையேலே" என்று வருத்தப்பட்டேன்.

அவன் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் இருந்தேன்லக்கா, பொறவென்ன" என்றான்.